ஃபெயில் போட்ட பிறகு

சித்ராதேவி இன்ஸ்பெக்சனுக்கு வருகிறாள் என்று தெரிந்தால், திருப்பூரில் பல கம்பெனிகளில் பேக்கிங் மேனேஜருக்குக் காலையிலேயே வியர்த்துவிடும். அவள் டீ குடிக்க மாட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடிப்பாள். முதலாளியின் ஏசி அறைக்குக் கூப்பிட்டால், பெட்டி அடுக்கியிருக்கும் இடத்திலேயே ஒரு டேபிளைக் காலி செய்து கொடுத்தால் போதும் என்பாள். எந்தப் பெட்டியைப் பிரிப்பது என்று அவளாகத்தான் கை காட்டுவாள். மேல் வரிசையில் வாகாக எடுத்து வைத்திருக்கும் பெட்டியை அவள் ஒருநாளும் காட்டியதில்லை.

வெளிநாட்டுக் கடைகளுக்குத் திருப்பூரிலிருந்து துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீசில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவள் பாஸ் போட்டால் சரக்கு லாரி ஏறும். ஃபெயில் போட்டால் ஏறாது. அந்த ஆபீசின் ஐந்து இன்ஸ்பெக்டர்களில் அதிகம் ஃபெயில் போடுகிறவள் அவள்தான். ஆனால் ஊர் அவளைப் பற்றிப் பேசியது அதற்காக இல்லை. ஃபெயில் போட்ட பிறகு அவள் செய்கிற காரியத்துக்காக.

அந்த ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை அவள் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் லிங்கசாமியின் கம்பெனிக்குப் போயிருந்தாள். லிங்கசாமிக்கு நாற்பத்தைந்து வயது. காங்கேயம் பக்கம் இருந்த தோட்டத்தை விற்று எட்டு மெஷினோடு ஆரம்பித்து, அறுபது மெஷின் வரை வளர்ந்தவர். சரக்கு, கைக்குழந்தைகளுக்குச் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைக்கிற ராம்பர். ஆறாயிரம் பீஸ். கால் பக்கம் மூன்று பிரஸ் பட்டன்கள். அந்தப் பட்டனை ஒரு சின்னக் கருவியில் மாட்டிப் பத்து விநாடி இழுத்துப் பிடிக்க வேண்டும். கழன்று வரக் கூடாது. கழன்றால் அது நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

சித்ராதேவி எட்டு பீஸை இழுத்துப் பார்த்தாள். மூன்று பட்டன் கையோடு வந்தது. இன்னும் எட்டு பார்க்கச் சொல்லி லிங்கசாமி கேட்டுக்கொண்டார். பார்த்தாள். அதிலும் இரண்டு வந்தது. வெள்ளிக்கிழமை லாரி ஏற வேண்டிய சரக்கு என்றார் அவர். தெரியும் என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டில் ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. விறுவிறுவென்று பட்டன் மெஷினுக்குப் போனார். அதில் ஒன்பது வருடமாக உட்காருகிறவர் செல்லாத்தாள். ஐம்பது வயது இருக்கும். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு அடித்தாய் என்று ஆரம்பித்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதில் வந்து நின்றார் லிங்கசாமி. செல்லாத்தாள் மெஷினை நிறுத்தினார். காலடியில் இருந்த சாப்பாட்டுக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேறு எந்த இன்ஸ்பெக்டராக இருந்தாலும் இந்நேரம் வண்டியைக் கிளப்பியிருப்பார். சித்ராதேவி தோளில் மாட்டிய பையைத் திரும்பக் கீழே வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து செல்லாத்தாளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒரு பட்டன் அடித்துக் காட்டச் சொன்னாள். அடி நேராகத்தான் விழுந்தது. இன்னும் பத்து அடிக்கச் சொன்னாள். மெஷினில் கோளாறு இல்லை. கையிலும் இல்லை. பிறகு பெட்டிகளைத் தேதிவாரியாகப் பிரிக்கச் சொல்லி ஒவ்வொன்றிலும் நாலு பீஸ் எடுத்து இழுத்தாள். முந்தின வாரம் புதன்கிழமை வரை அடித்த பீஸில் ஒன்றுகூடக் கழலவில்லை. வியாழக்கிழமையிலிருந்து அடித்ததுதான் கழன்றது.

வியாழக்கிழமை என்ன மாறியது என்று செல்லாத்தாளிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சித்ராதேவி மறுபடி கேட்கவில்லை. அவசரமே இல்லாதவள் போல, கழன்ற பட்டன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும்.

"உள்ளாற வெக்கற துணிங்க," என்றார் செல்லாத்தாள். "பட்டனுக்கு அடியில சின்னத் துண்டு ஒண்ணு வெச்சு அடிப்போமுங்க. அது வெச்சா லேட்டாகுது, வேண்டாம்னு..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் துணியை வேண்டாம் என்றவர் லிங்கசாமிதான். வெள்ளிக்கிழமைக்கு முடியாது என்று பயந்து அவர் சொன்ன ஒரு வார்த்தை அது. அது அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகம் கறுத்துப் போய் நின்றார்.

சித்ராதேவி ரிப்போர்ட்டை எடுத்து, கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். உட்துணி வைக்காததே காரணம், வைக்க வேண்டாம் என்றது நிர்வாகம் என்று உள்ளது உள்ளபடி எழுதினாள். இப்படி மாட்டிவிட்டீர்களே என்று லிங்கசாமி வாய்க்குள் முனகினார். நடந்ததுதானுங்களே என்றாள் அவள். அதோடு கிளம்பவும் இல்லை. பழைய பட்டனைத் துணி கிழியாமல் எடுப்பது எப்படி, எந்த அளவுக்கு உட்துணி வெட்டினால் ஓட்டையை மூடிப் பிடிக்கும் என்று செல்லாத்தாளோடும் இன்னும் நாலு பெண்களோடும் உட்கார்ந்து செய்து காட்டினாள். மணி ஆறானது. போகும்போது, அந்தக்கா நாளைக்கு வேலைக்கு வருவாங்களா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். வருவாங்க என்றார் லிங்கசாமி. ஞாயிற்றுக்கிழமை மறு இன்ஸ்பெக்சனில் ஒரு பட்டன்கூடக் கழலவில்லை. பாஸ் போட்டாள். லாரி மூன்று நாள் தாமதமாகப் போனது.

அவளுக்கு இந்தப் பழக்கம் வந்த கதை எளிமையானது. அப்பா காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தபோது அவளுக்கு நாலு வயது. அம்மா ராக்கம்மாள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாள். பத்தாவது முடித்ததும் சித்ராதேவியும் அதே டேபிளுக்குப் பிசிறு வெட்டப் போனாள். ஒருநாள் ஒரு இன்ஸ்பெக்டர் காரில் வந்தார். இருபது நிமிடம் பார்த்தார். துணியில் பொடிப்பொடியாக ஓட்டை என்று ஃபெயில் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஏன் ஓட்டை வந்தது என்று அவரும் சொல்லவில்லை, கேட்க யாருக்கும் தைரியமும் இல்லை. அன்று சாயங்காலமே, அம்மாவும் அவளும் உட்பட, செக்கிங் டேபிளில் நின்ற பதினோரு பெண்களையும் முதலாளி வெளியே அனுப்பினார். அவர்கள் கவனிக்காததால்தான் ஓட்டை என்றார். தையல் மெஷினில் முனை மழுங்கிய ஊசியை மாற்றாமல் ஓட்டியதால் வந்த ஓட்டை அது. சித்ராதேவிக்கு அது தெரிய மூன்று வருடம் ஆனது. தெரிந்த அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் காரில் வந்தவருக்கு ஊசியைக் காட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா என்றுதான் யோசித்தாள். பிறகு தபால் வழியில் படித்து டிப்ளமோ வாங்கி, படிப்படியாக ஏறி, அவளும் அந்த இன்ஸ்பெக்டர் வேலைக்கே வந்து சேர்ந்தாள்.

ஆடி பிறந்த வாரத்தில் ஆபீசில் ஒரு செய்தி உறுதியானது. குவாலிட்டி மேனேஜர் மகுடேஸ்வரன் பெங்களூரு தலைமை அலுவலகத்துக்கு மாறிப் போகிறார். அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒருவர் தரணீதரன், டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்தவர், முப்பது வயது, முக்கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்சனை முடித்து அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். மற்றவள் சித்ராதேவி. முப்பத்தாறு வயதில் அந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

அந்த வாரமே மகுடேஸ்வரன் அவளை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தார். பெயரில்லாமல் வந்த மெயில் அது. சித்ராதேவி ஃபெயில் போட்ட பிறகும் கம்பெனியை விட்டுப் போவதில்லை, முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், மறுவாட்டி அதே சரக்குக்கு அவளே பாஸ் போட்டாள், நடுவில் என்ன நடந்தது என்று ஆபீஸ் விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள். எதை வாங்கினேன் என்று எழுதவில்லையே சார் என்றாள்.

மகுடேஸ்வரன் கெட்டவர் இல்லை. இருபத்தைந்து வருடம் இந்த வேலையில் ஒரு கறை படாமல் இருந்தவர். எந்த முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாமல், யாருக்கும் சிரித்துப் பேசாமல் காப்பாற்றிய பெயர் அது. அவர் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மேஜை டிராயரிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். ரிசல்ட் எழுதிய பதினைந்து நிமிடத்துக்குள் கம்பெனியை விட்டு வெளியேறுவேன், வேலை தொடர்பாகத் தொழிலாளர்களிடம் தனியாகப் பேச மாட்டேன் என்று டைப் செய்யப்பட்ட உறுதிமொழி. அவள் பெயர் கீழே இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"இங்க பாரும்மா. நீ ஒண்ணும் வாங்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா வாங்காம ஒருத்தி நாலு மணி நேரம் எதுக்கு உக்காருவான்னுதான் எல்லாருக்கும் தோணும். அது அவங்க தப்பில்லை, இந்தத் தொழிலு அப்படி. நல்லது செய்யணும்னா ஞாயித்துக்கிழமை கோயில்ல செய். இதுல கையெழுத்துப் போட்டுட்டா, மெயிலும் முடிஞ்சுது, இந்தச் சேருக்கு உன் பேரைத்தான் நான் எழுதுவேன்."

சித்ராதேவிக்குக் காது சூடாகிவிட்டது. குரலை மட்டும் ஏற்றாமல் வைத்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்குப் பதினஞ்சு நிமிஷத்துல கெளம்பியிருந்தா, செல்லாத்தாங்கற ஒரு அம்மாவுக்கு வேலை போயிருக்குமுங்க சார். துணி வைக்காம அடிச்ச பட்டன் அப்படியேதான் இருந்திருக்கும். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

போடாவிட்டால் விசாரணை வரும், அது முடியும்வரை இன்ஸ்பெக்சனுக்கு அனுப்ப முடியாது என்றார் அவர். விசாரிக்கட்டுங்க சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் ராக்கம்மாள் கதை முழுவதையும் கேட்டாள். பிறகு தனக்கே உரிய முறையில் ஒரு வழி சொன்னாள். "கையெழுத்தப் போட்டுட்டு நீ பாட்டுக்கு செய்யிறதச் செஞ்சுக்கிட்டு இருடி. எவன் கடிகாரத்தக் கட்டிக்கிட்டு உன் பின்னாடி வரப் போறான்?"

சித்ராதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அது முடியாது என்றாள். போட்டால் அதன்படி நடக்க வேண்டும், நடக்க மாட்டேன் என்பதால்தான் போடவில்லை. அதைவிட, ஒளிந்து செய்கிற அளவுக்கு அதில் என்ன குற்றம் இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டாள். ராக்கம்மாள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, உனக்கு அப்பன் பிடிவாதம் என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. அந்த மாதம் முழுவதும் சித்ராதேவியை ஆபீசின் சாம்பிள் அறையில் உட்கார வைத்தார்கள். பழைய சாம்பிள்களுக்கு அட்டை கட்டும் வேலை. நேற்றுவரை அவளைப் பார்த்ததும் எழுந்து நின்ற, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்கள், கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் சாத்திக்கொண்டு போனார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது வாரம், தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியது நான் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேண்டீனில் எல்லாருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதன் பிறகு தினமும் அங்கேதான் சாப்பிட்டாள்.

ஒருநாள் தரணீதரன் இரண்டு டீயோடு சாம்பிள் அறைக்கு வந்தார். விசாரணையில் தன்னையும் கேட்டார்கள் என்றார். அவள் கை நீட்டி எதுவும் வாங்கியதாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றும், ஆனால் அவள் செய்வதைத் தான் ஒருநாளும் செய்ய மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். உள்ளதைச் சொன்னதற்கு அவள் நன்றி சொன்னாள். அந்த வேலை தனக்குக் கிடைத்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்று அவர் சொல்ல, எனக்குக் கிடைத்தால் நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவள் சொன்னாள். இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

லிங்கசாமி வந்தது அடுத்த வாரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேப்பமரத்து நிழலுக்குக் கூட்டிப் போனாள்.

அவர் சொன்னது இதுதான். அந்த ராம்பர் சரக்கு போன சந்தோஷத்தில், பிரிண்டிங் பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் பார்த்தவர்களிடமெல்லாம் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நம்ம அம்மிணி நாலு மணி நேரம் நம்ம கூடவே உட்கார்ந்து சரி பண்ணிக் கொடுத்தது என்று சொல்லியிருக்கிறார். 'நம்ம' என்ற அந்த ஒரு வார்த்தை எந்தக் காதில் எப்படி விழுந்ததோ, அது மெயிலாகப் போய்விட்டது. நல்லது செய்தவளுக்குத் தன் வாயால் கெடுதல் வந்ததே என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

அதற்கு அவரே ஒரு பரிகாரமும் யோசித்து வைத்திருந்தார். முதலிபாளையத்திலும் பக்கத்திலும் அவளைத் தெரிந்த முதலாளிகள் பதினாறு பேர் தயார். எல்லாரும் சேர்ந்து வந்து ஆபீசில் ஒரு மனு கொடுப்பார்கள்.

வேண்டாம் என்றாள் சித்ராதேவி. சரக்கு கொடுக்கிற பதினாறு முதலாளிகள் ஒரு இன்ஸ்பெக்டருக்காகத் திரண்டு வந்தால், அந்த மெயிலில் எழுதியது உண்மை என்று அவர்களே முத்திரை குத்தியது போல் ஆகிவிடும்.

லிங்கசாமிக்கு அது புரிந்தது, ஆனால் மனசு கேட்கவில்லை. "அப்ப நானு என்னதானுங்க அம்மிணி பண்றது?"

"எனக்காக ஒண்ணும் பேசாதீங்கண்ணா. ஆபீஸ்ல இருந்து வந்து கேட்டா, என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. உங்களுக்குச் சங்கடமானதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பைக்கைக் கிளப்ப மூன்று முறை உதைத்தார்.

ஆவணி முதல் வாரத்தில் பெங்களூருவிலிருந்து அனுப்பிரியா வந்தார். தென்னிந்தியா முழுவதற்கும் குவாலிட்டிப் பிரிவின் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். புதிய மேனேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அவர்தான், விசாரணை முடிவைச் சொல்ல வேண்டியதும் அவர்தான். மகுடேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சித்ராதேவி எதிரில் உட்கார்ந்தாள். கையில் ஒரு காகிதமும் அவள் கொண்டு போகவில்லை.

அனுப்பிரியா சுற்றி வளைக்கவில்லை. விசாரணையில் அவள்மீது ஒன்றும் நிரூபணமாகவில்லை என்றார். முதலிபாளையத்தில் விசாரித்தபோது லிங்கசாமி, என் தப்பைத்தான் கண்டுபிடித்து எழுதிவிட்டுப் போனார்கள், அதற்கு நான் வேறு காசு கொடுப்பேனா என்று திருப்பிக் கேட்டாராம். செல்லாத்தாளிடமும் விசாரித்திருக்கிறார்கள்; அவரும் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார்.

பிறகு அனுப்பிரியா வேறு ஒரு விஷயத்தை எடுத்தார். கடந்த ஒரு வருடத்தில் அவள் ஃபெயில் போட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த கம்பெனிகள் பதினொன்று. நாலில் அதன் பிறகு தரம் ஏறியிருக்கிறது. ஐந்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு கம்பெனிகளில் போன வருடத்தைவிட மோசம். பதினொன்றில் நாலு என்பது பெரிய பலன் இல்லையே, இதற்காகவா இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

மகுடேஸ்வரன் மெல்லத் தலையசைத்தார்.

சித்ராதேவிக்கு இந்தக் கேள்வி வரும் என்று தோன்றியிருக்கவில்லை. ஒரு நொடி தடுமாறினாள். ஏறியது நாலு என்பதையே பிடித்துக்கொண்டு பேசலாமா என்று நினைத்தாள். அது பொய்யாகிவிடும் என்று பட்டது.

"பலன் வரும்னு நான் உக்காரலைங்க மேடம். பதினொண்ணுல ஒண்ணுகூடத் திருந்தலைன்னாலும் உக்காந்துதான் இருப்பேன். ஒருத்தர் வேலையை ஃபெயில்னு சொன்னா, ஏன்னு சொல்லிட்டு வரணும்ங்க. அவ்வளவுதான். இதை வெச்சு எனக்கு இந்த வேலையைக் குடுங்கன்னு நான் கேக்கலை. நான் பாஸ் போட்டு அனுப்பின சரக்குல இருந்து ஆறு வருஷமா ஒரு கம்ப்ளெய்ண்ட் திரும்பி வந்ததில்லை. அதை வெச்சுத்தான் கேக்கறேன். அது வேற, இது வேறங்க. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?"

அனுப்பிரியா லேப்டாப்பைத் திருப்பி ஆறு வருடக் கணக்கை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஒரு கம்ப்ளெய்ண்ட்கூட இல்லை என்பது உண்மைதான். ஐந்து பேரில் வேறு யாருக்கும் அப்படி இல்லை.

மகுடேஸ்வரன் அப்போதும் விடவில்லை. ஆள் நல்லவர் என்பதில் தனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்த உறுதிமொழி இல்லாமல் இந்த நாற்காலியைக் கொடுத்தால், நாளைக்கு இன்னொரு மெயில் வரும், ஆபீஸ் பெயர்தான் கெடும் என்றார். அவருடைய கவலை நியாயமானதுதான் என்று அனுப்பிரியாவும் சொன்னார்.

சித்ராதேவி அவர்களை இன்னும் யோசிக்க விடவில்லை. "நான் ஒண்ணு சொல்றேனுங்க. ஃபெயில் போட்ட கம்பெனியில எத்தனை மணி வரைக்கும் இருக்கேன், யார்கிட்டப் பேசறேன், என்ன சொல்லிக் குடுக்கறேன், எல்லாத்தையும் அப்பப்ப எழுதி ஆபீஸ் முழுக்க அனுப்பறேன். சரக்கு வாங்கற பையருக்கும் அனுப்புங்க. யாரு வேணும்னாலும் வந்து பக்கத்துல நின்னு பார்க்கட்டும். ஆனா பதினஞ்சு நிமிஷத்துல கெளம்பச் சொல்ற காகிதத்துல மட்டும் என் கையெழுத்து விழாதுங்க. அதனால இந்த வேலை வராதுன்னா, வர வேண்டாம்."

அனுப்பிரியா அந்த உறுதிமொழியைக் கையில் எடுத்து ஒருமுறை படித்தார். கிழிக்கவெல்லாம் இல்லை. ஃபைலில் கடைசிப் பக்கமாகச் சொருகி மூடினார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அந்த ராத்திரி சித்ராதேவி நன்றாகத் தூங்கினாள். தான் நினைத்ததில் ஒன்றையும் பாக்கி வைக்காமல் பேசிவிட்டாள்; இனி எது வந்தாலும் சரி. மறுநாள் பதினோரு மணிக்கு மெயில் வந்தது. வேலை அவளுக்குத்தான். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து கேட்கவில்லை. அவள் சொன்னபடி எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசீலிப்போம் என்று இருந்தது. அதாவது, முழு நம்பிக்கை இன்னும் வரவில்லை. அது அவளுக்கும் புரிந்தது. தரணீதரன் வந்து கை கொடுத்தார். முகம் வாடித்தான் இருந்தது. இனி எல்லாரும் அப்படி உட்கார வேண்டும் என்று உத்தரவு வருமா என்று கேட்டார். உத்தரவு போட்டு வரவைக்கிற காரியம் இல்லை அது என்றாள். ஆனால் ஒன்று, ஃபெயில் என்று எழுதினால் பக்கத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும், அது இல்லாத ரிப்போர்ட்டைத் தான் திருப்பி அனுப்புவேன் என்றும் சொல்லிவைத்தாள்.

மகுடேஸ்வரனுக்கு அந்த வாரக் கடைசியில் ஆபீசில் பிரிவு விருந்து நடந்தது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சாவிகளைக் கையில் கொடுத்தார். இருபத்தைந்து வருடத்தில் தன்னைப் பற்றி ஒரு மொட்டை மெயில்கூட வந்ததில்லை என்று சொன்னார். பெருமையாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை. தன்னைப் பார்த்து எந்தக் கம்பெனியிலும் ஒருத்தர்கூட நின்று பேசியதும் இல்லை என்று சேர்த்துக்கொண்டார். பிறகு பழைய குரல் திரும்பியது.

"இதுக்கு மேல உன் இஷ்டம். ஆனா எழுதி வெச்சுக்கோம்மா. நீ யாருக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கறயோ, அவங்கள்ல ஒருத்தனே ஒருநாள் உன்னைக் காட்டிக் குடுப்பான்."

"குடுக்கட்டுங்க சார்," என்றாள் சித்ராதேவி. "அவன் சரக்கு ஃபெயில்னா அன்னிக்கும் ஃபெயில்தான் போடுவேன். ஏன்னு சொல்லிட்டுத்தான் வருவேன்."

போய் வாருங்கள் சார் என்று கும்பிட்டுவிட்டு அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். மதியம் இரண்டரை மணிக்கு நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் ஒரு இன்ஸ்பெக்சன் இருந்தது. மேனேஜர் ஆனபிறகு நேரில் போகத் தேவையில்லை என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் போக வேண்டும் போல் இருந்தது.

பெரிய கம்பெனி அது. முதலாளி ஊரில் செல்வாக்கானவர். வாசலிலேயே மாலையோடு நின்றார். மாலையை வாங்கிக்கொள்ளாமல் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆண்கள் போடும் காலர் பனியன், பன்னிரண்டாயிரம் பீஸ். கீழ் வரிசையில் மூலையில் கிடந்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். ஒரு பனியனுக்கும் அடுத்த பனியனுக்கும் காலரின் நிறம் ஒத்துப்போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் ஒத்துப்போகவில்லை. முதலாளி, இன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள், இதைப் பெரிதுபடுத்த வேண்டாமே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல நாள்தானுங்க என்று அவளும் சிரித்தாள்.

ரிப்போர்ட்டை முடித்துக் கையெழுத்துப் போட்டாள். அயர்னிங் டேபிளில் நின்றிருந்த ஒரு பீகார்ப் பெண்ணின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தாள். யாரையும் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், தப்பு எங்கே என்று இன்னும் நமக்குத் தெரியாது என்று முதலாளியிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். போனை எடுத்து ஆபீஸ் முழுவதற்கும் ஒரு செய்தி தட்டினாள்.

'நெருப்பெரிச்சல். காலர் நிறம் மாறுகிறது. ஃபெயில். ஏன் மாறுகிறது என்று பார்க்க ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன்.'

அனுப்பிவிட்டு, அந்த டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.